பீரங்கிக்குப் பட்டி பூசியவன்

வீட்டுக்குச் சாயம் பூசினால் விருந்தாளியாவது பாராட்டுவார். பீரங்கிக்குச் சாயம் பூசுகிறவனை யார் கவனிக்கிறார்கள்? ஐம்பதுகளின் கடைசியில், சிங்கப்பூரின் பழைய கோட்டைக் குன்று ஒன்றில் இரண்டு இரும்புப் பீரங்கிகள் என் பொறுப்பில் இருந்தன. தூரிகை பிடித்துப் பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

மேனி மினுக்கல்

ஒன்று கோட்டை மதிலில் இருந்த நெட்டை. மற்றது கப்பலிலிருந்து இறக்கிய குட்டை. குட்டைதான் என் செல்லம். உப்புக் காற்றில் அதன் மேனியெல்லாம் குழி விழுந்து கிடந்தது. பார்க்கப் பொறுக்காமல், வருஷா வருஷம் குழிகளைப் பட்டிப் பசையால் அடைத்துத் தேய்த்துக் கறுப்புச் சாயம் பூசுவேன். மேலே ஏதோ கிறுக்கல் போல வெட்டியிருந்தது. அதையும் அடைத்துவிட்டேன்.

எங்கள் மேற்பார்வையாளர், மண்டோர் பெருமாள் அண்ணன், தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளை மாதிரி இருக்கு லா. அடுத்த வருசமும் இப்படியே செஞ்சிரு."

காதர் பாயின் சந்தேகம்

தேக்காவில் மளிகைக் கடை வைத்திருந்த காதர் பாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். இதை எப்படிச் சுடுவார்கள் என்று கேட்டார். நானும் பெருமையாக விளக்கினேன். வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி இடிக்க வேண்டும், பிறகு குண்டு, பிறகு பின்பக்கத் துளையில் நெருப்பு. கப்பலில் என்றால், சுட்டதும் பின்னால் ஓடாமலிருக்கப் பெரிய வடத்தால் கட்டியிருப்பார்கள். அடுத்த குண்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து.

அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அதுவரைக்கும் எதிரி சும்மா நிப்பானா தம்பி?"

லாரி வருகிறது

ஒருநாள் பழம்பொருள் அதிகாரி ஒருவர் வந்தார். சீனர், மண்டோரிடம் மலாயில் பேசினார். முத்திரையும் எண்ணும் உள்ள பீரங்கியைத்தான் வைத்துக்கொள்வார்களாம். மற்றது பழைய இரும்புக்குப் போகுமாம். நெட்டையில் இரண்டும் இருந்தன. குட்டையைச் சுற்றிச் சுற்றித் தடவினார். என் கைவேலையில் ஒரு கோடுகூட அகப்படவில்லை. நான் அடைத்துவிட்ட கிறுக்கல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இது கோசோங், ஒண்ணும் இல்ல. நாளைக்கு லாரியில ஏத்திடுங்க" என்றார்.

சுரண்டல்

மறுநாள் விடிந்ததும் சுரண்டியோடு உட்கார்ந்தேன். கேட்காமலே பெருமாள் அண்ணனும் ஒன்றை எடுத்துக்கொண்டார். சாயம் அடுக்கடுக்காக உரிந்தது. அதிகாரி லாரியோடு வந்தபோது ஒரு கிரீட முத்திரை தெரிந்தது. வால் பக்கம் மூன்று எண்கள். அந்தக் காலத்து வார்ப்படக்காரர்கள் பீரங்கியின் எடையை அப்படித்தான் மூன்று அலகாகப் பிரித்து வெட்டிவைப்பார்களாம். அதிகாரி குந்தி உட்கார்ந்து மூன்றையும் விரலால் தடவினார். லாரிக்காரரைத் திரும்பிப் போகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதையெல்லாம் மூடியது யார் என்று அவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெருமாள் அண்ணன் முந்திக்கொண்டார்: "மூடச் சொன்னது நான். துரு தின்னாம காப்பாத்தினது இவன்."

இத்தனை வருஷம் பூசிப் பூசிக் கிடைக்காத நல்ல பெயர், ஒரு காலைப்பொழுது சுரண்டியதில் கிடைத்துவிட்டது.