அக்கா தொடாத உளுந்தங்களி

எண்ணெயை அடியோடு நிறுத்தச் சொல்கிறார் டாக்டர். நான் நிறுத்தப்போவதில்லை. சோறு, பருப்பு, கீரையோடு அளவாக எண்ணெயும் சேர்ந்தால்தான் உடம்பு நிற்கும் என்பது என் கட்சி. அந்த ருசி எனக்குப் பிடித்துப்போன கதையை மட்டும் அவரிடம் சொன்னதில்லை.

அக்கா பெரியவளானபோது எனக்கு ஏழு வயது. தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊரில் அப்போது பெண்ணைப் பதினாறு நாள் தனி அறையில் வைப்பார்கள். தினமும் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. நடுவில் குழி பறித்து, அது நிறைய நல்லெண்ணெய்.

“ஏளா, தின்னு. எண்ணெ உள்ள போனாத்தான் இடுப்புக்குப் பெலம்” என்றாள் அம்மா.

“மறுபடி பள்ளிக்கூடத்துக்கு விடுதேன்னு அப்பா சொல்லட்டும், திங்கேன். அதுவரைக்கும் கஞ்சித்தண்ணிதான்” என்றாள் அக்கா. அப்பா அவள் படிப்பை நிறுத்தியிருந்தார். களக்காட்டிலிருந்து சம்பந்தமும் வந்திருந்தது.

கிண்ணத்தைக் கொண்டுபோவதும் திரும்ப எடுத்து வருவதும் என் வேலை. அக்கா விரலால்கூடத் தொடாமல் திருப்பி அனுப்பினாள். எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு எண்ணெய் தலைக்குத்தான் தாராளம், வாய்க்கு இல்லை. தொழுவத்தில் நின்று வழித்துத் தின்றுவிட்டு, காலிக் கிண்ணத்தை அடுக்களையில் வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்து, “தின்னுட்டாளே!” என்று பூரித்துப்போனாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்குக் கிடைக்காதே!

என் கன்னம் மினுமினுத்தது. அக்கா வற்றிப்போனாள். பத்தாம் நாள் முற்றத்தில் நின்று அப்பா மாமாவிடம் சொன்னார்: “பிள்ள வழிக்கு வந்துட்டா வே. தினமும் களி திங்குதா. களக்காட்டுக்குச் சம்மதம்னு சொல்லி விட்டுட்டேன்.”

அப்போதுதான் நான் அன்றைய கிண்ணத்தை அக்காவிடம் நீட்டிக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னது அறைக்குள் கேட்டது. அவள் என் கன்னத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு, ஆண்கள் முகத்தில் விழிக்கக்கூடாத அந்த நாளில் விறுவிறுவென்று முற்றத்துக்கு வந்து, அப்பாவின் காலடியில் கவிழ்த்தாள்.

“நான் திங்கல. ஒரு நாளும் திங்கல. நல்லாப் பாத்துக்கிடுங்க!”

கொடுத்த வாக்கை அப்பா மாற்றவில்லை. தை மாதம் அக்கா களக்காட்டுக்குப் போனாள். ஆனால் களியைக் கவிழ்த்த அன்று அவர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

முற்றத்தில் நான் கதறி அழுதேன். அக்கா என்னை அடிக்கவில்லை. செய்த காரியத்தை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி, என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் அழுதது மண்ணில் ஊறிப்போன எண்ணெய்க்காக.