எல்வா வேண்டாம் என்ற நடுவர் பதவி

என் சித்தி மகள் எல்வா, வந்த வாய்ப்பை வேண்டாம் என்று சொல்வதில் பேர்போனவள். எங்கள் கோதுமைச் சீமையில் அதற்கு ‘டர்ன் டவுன்’ என்று சொல்வார்கள். ஒருவர் தேடி வந்து கொடுப்பதை மறுத்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். யாரும் கேட்காதவர்கள் எதை மறுப்பது? எல்வாவை எல்லோரும் கேட்டார்கள். அடிலெய்டு ஓட்டலில் தலைமைச் சமையல் வேலையை மறுத்தாள். லெஸ்ஸைக் கல்யாணம் கட்டுவதற்கு முன் இரண்டு மாப்பிள்ளைகளை மறுத்தாள். அதில் ஒருவன் என் அத்தை மகன்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் ஊர் மார்ச் மாதக் கண்காட்சியில் பழக்கேக்குப் போட்டியில் நாத்தனார் யூனாவை ஜெயிக்க வேண்டும். பதினோரு வருஷமாக முதல் பரிசான நீல ரிப்பன் யூனாவுக்கு. இரண்டாம் பரிசான சிவப்பு எல்வாவுக்கு.

அந்த வருஷம் கண்காட்சிச் செயலாளர் ஹோல்கேட் வந்து எல்வாவை நடுவராக இருக்கச் சொன்னார். பெரிய மரியாதைதான். ஆனால் நடுவர் போட்டிக்குக் கேக்கு வைக்கக் கூடாது.

“அப்ப வேணாம்.”

“யோசிச்சுச் சொல்லும்மா. மறுபடி கேக்க மாட்டோம்.”

“யோசிச்சாச்சு. கேக்க வேணாம்.”

ஹோல்கேட் நேராக யூனா வீட்டுக்குப் போனார். அவள் உடனே சரி என்றாள். எல்வாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. யூனா கேக்கு வைக்காத போட்டியில் ஜெயித்து என்ன பயன்?

கண்காட்சியன்று கேக்குகள் மேல் பேர் கிடையாது, எண் மட்டும்தான். யூனா ஒவ்வொன்றாக அறுத்தாள், மோந்து பார்த்தாள், கிள்ளி வாயில் போட்டாள். ஆறாம் எண்ணில் ஆரஞ்சுத் தோல் மணந்தது. யார் கை என்று அவளுக்குத் தெரியாதா? நீல ரிப்பனை அதன்மேல்தான் வைத்தாள்.

தேநீர்க் கூடாரத்தில் யூனா, எல்வாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் வெச்சிருந்தா உனக்குச் செவப்புதான்.”

“அடுத்த வருஷம் வெச்சுக் காட்டு.”

அடுத்த வருஷம் ஹோல்கேட் யூனாவைத் திரும்பக் கேட்டபோது அவளும் மறுத்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் மறுக்கக் கற்றுக்கொண்ட இரண்டாவது ஆள் அவள்தான். பாவம் ஹோல்கேட், பக்கத்து ஊரிலிருந்து நடுவரைக் கூட்டி வந்தார். நீல ரிப்பன் ஹோல்கேட்டின் மருமகளுக்குப் போனது. சிவப்பு எல்வாவுக்கு. யூனாவுக்கு மூன்றாம் பரிசு.

யூனா கொடுத்த நீல ரிப்பன் எல்வா வீட்டு மேசை இழுப்பறையில் எங்கோ கிடக்கிறது. அந்த வருஷத்துச் சிவப்பு ரிப்பனைத்தான் சட்டம் போட்டு, யூனா வந்தால் உட்காரும் நாற்காலிக்கு நேரெதிரே மாட்டி வைத்திருக்கிறாள்.