வானத்தைக் கெடுத்தது நான்தான்

"ஆஸ்மான் கோ க்யா கியா, மேடம்?"

வானத்தை என்ன பண்ணிவிட்டீர்கள் என்று கேட்கிறார். கேட்டவர் புனே கேம்ப் ஏரியாவில் வீடியோ ஸ்டூடியோ நடத்துபவர். எதிரே நின்றவள் என் மனைவி சுகந்தி. போன திங்கட்கிழமை. அவளுடைய ஹேண்ட்பேகை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சுகந்தியின் தொழில் கலர் கிரேடிங். எடுத்த படத்தின் நிறங்களைச் சீராக்கி, ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் ஒத்துப்போகச் செய்வது. கல்யாணத்துக்கு முன் சென்னையில் அவளுக்கு அதில் நல்ல பெயர். அப்புறம் என் ஐ.டி. வேலைக்காகப் புனே, நிக்டியில் ஃபிளாட், மகன், அவன் ஸ்கூல்... பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. மகன் ஹாஸ்டலுக்குப் போன கையோடு, "மறுபடி வேலைக்குப் போறேனுங்க" என்றாள். இந்த ஸ்டூடியோ ஒரு டெஸ்ட் கொடுத்தது. கோட்டைக்கு மேலே சூரியன் உதிக்கிற இரண்டு நிமிஷக் காட்சி. சரியாக வந்தால் வேலை.

இதற்கென்றே ஒரு நல்ல மானிட்டர் வாங்கி வைத்திருந்தாள். சாதாரணத் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 256 படிதான் காட்டும். இது பத்து பிட் — 1,024 படி. விடிகிற வானம் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு எங்கே மாறுகிறது என்றே தெரியாமல் மாறுமே, அதைக் காட்ட அத்தனை படியும் வேண்டும். மானிட்டர் மட்டும் இருந்தால் போதாது, கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டமும் ஒத்துழைக்க வேண்டும். அவளே செட்டிங்ஸில் மல்லுக்கட்டி பத்து பிட்டை வரவழைத்தாள்.

அப்புறம்தான் நான் வந்தேன்.

ஒரு நாள் அவள் மார்க்கெட் போயிருந்தபோது அந்தத் திரையில் கிரிக்கெட் பார்த்தேன். பந்து திக்கித் திக்கிப் போவதுபோல இருந்தது. சும்மா இருப்பேனா? ஐ.டி.க்காரன் ஆயிற்றே! செட்டிங்ஸுக்குள் போய், திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறது என்ற எண்ணை ஏற்றிவிட்டேன். பந்து வழுக்கிக்கொண்டு போனது. மேட்ச் முடிந்ததும் எழுந்து போய்விட்டேன்.

கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் இணைக்கிற எங்கள் பழைய கேபிளுக்குள் ஓரளவு தகவல்தான் போகும். வேகத்தைக் கூட்டியதும், கம்ப்யூட்டர் சத்தம் போடாமல் நிறத்தை எட்டு பிட்டுக்கு, அதாவது சாதாரணத் திரையின் 256 படிக்கு, இறக்கிவிட்டது. 'நிறம் குறையும், சம்மதமா?' என்று ஒரு வரி கேட்டிருக்கக் கூடாதா? கேட்கவில்லை. நானும்தான் சுகந்தியைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை டெஸ்டுக்கு உட்கார்ந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, வானம் பட்டை பட்டையாத் தெரியுதே... எடுத்ததே இப்படியா, இல்ல நம்ம பக்கம் ஏதாச்சுமா?"

எட்டிப் பார்த்தேன். அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எடுத்தவன் சொதப்பியிருக்கான். நம்ம சிஸ்டம் பக்கா" என்றேன். பெரிய நிபுணன்! நம்பிவிட்டாள்.

இல்லாத பட்டைகளை மறைக்க இரண்டு நாள் பாடுபட்டாள். வானத்தை மழுப்பி, அதன்மேல் கிரெயின் என்கிற பொடிப்புள்ளிகளைத் தூவி... எங்கள் திரையில் பட்டை மறைந்தது. ஸ்டூடியோ திரையில் பட்டை முதலிலிருந்தே கிடையாது. அங்கே தெரிந்ததெல்லாம், பளிச்சென்ற வானத்தில் யாரோ ரவையைக் கொட்டிவிட்ட மாதிரி ஓர் அசிங்கம்.

"டச் விட்டுப்போச்சு, மேடம்" என்பதை அவர் ஹிந்தியில் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

ஆட்டோவில் வரும்போது சுகந்தி சொன்னாள்: "கண்ணு போச்சுங்க. முன்னெல்லாம் இப்படி ஒரு வானத்தை நான் வெளிய விட்டிருப்பனா? வயசாயிடுச்சு." வீட்டுக்கு வந்ததும் கண் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினாள். அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கமே போகவில்லை.

புதன்கிழமை ஆபீஸ் மீட்டிங்குக்காக அந்தத் திரையைத் திறந்தேன். செட்டிங்ஸில் 'எட்டு பிட்' என்று போட்டிருந்தது. கிரிக்கெட்டுக்காக நான் ஏற்றிய எண்ணைக் குறைத்துப் பார்த்தேன்; பத்து பிட் திரும்பி வந்தது.

ஸ்டூடியோவுக்குப் போன் போட்டேன். கேபிள், கிரிக்கெட், என் மடத்தனம் எல்லாவற்றையும் தத்துப்பித்து ஹிந்தியில் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நேற்றே வேறொருவர் சேர்ந்துவிட்டாராம். "அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் ஆபீஸ் லேப்டாப்பை சுகந்தி இதுவரை தொட்டதில்லை. தூசி துடைக்கக்கூட என்னைக் கேட்பாள். அவளுடைய மானிட்டர் மட்டும் எனக்கு ஏன் வீட்டு டி.வி.யாகத் தெரிந்தது? ஒருவருடைய வேலை வேலை, இன்னொருவருடையது பொழுதுபோக்கு — நம் வீடுகளில் இதை எப்போது, யார் முடிவு செய்தார்கள்? யோசிக்க யோசிக்க என்மேலேயே வெறுப்பாக வருகிறது.

அன்று மாலையே அவளிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கண்ணுதான் போச்சுன்னு நினைச்சு எப்படியோ மனசைத் தேத்திக்கிட்டேனுங்க. இப்ப அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டீங்களே."

ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்: "டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை... கேன்சல் பண்ணட்டுமா?"

"இதுக்கு மட்டும் கேக்கத் தெரியுதுங்களா?"