முதலாவதாக வந்ததன் பலன்

கச்சிபௌலியில் சாஃப்ட்வேர் கம்பெனிப் பயிற்சிக்குச் சேர்ந்த அன்றே எங்களுக்குள் ஒரு பேச்சு பரவியது. கடைசித் தேர்வில் நல்ல மார்க் எடுத்தால் கேட்ட ஊரில் போஸ்டிங். யார் சொன்னது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்குச் சென்னை வேண்டும். குரோம்பேட்டையில் பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அப்பாவை அம்மா ஒண்டியாகத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தாள்.

ஹாஸ்டலே சினிமாவுக்குப் போனபோதும் நான் ஜாவாவோடு மல்லுக்கட்டினேன். முதலாவதாக வந்தேன். வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் போனில் சொல்லியும்விட்டேன், அவசரக்குடுக்கை.

மறுநாள் பயிற்சி மேனேஜர் கூப்பிட்டார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அடுத்த பேட்சுக்கு நான்தான் வகுப்பெடுக்க வேண்டும் என்றார். அப்பாவைப் பற்றிச் சொல்லி, சென்னை என்று இழுத்தேன்.

"நக்கோம்மா, அதெல்லாம் வேணாம். அங்க புரோகிராம் எழுத எத்தனையோ பேர் இருக்காங்க. உன்னாட்டம் ஒருத்தி கெடச்சா அப்பவே உன்ன விட்டுடறேன்."

தட்டுத் தடுமாறிப் பாஸானதுகள் எல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை விட்டால் அப்பாவின் மருந்துக்கு வழியில்லை. வேறு கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போனால், எந்த புராஜெக்டில் இருந்தீர்கள் என்று கேட்டார்கள். வகுப்பெடுத்தேன் என்றால் உதட்டைப் பிதுக்கினார்கள்.

இரண்டு பேட்ச் போனது. மூன்றாவதில் ஒரு செங்கல்பட்டுப் பெண் வந்தாள். கெட்டிக்காரி, நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்வாள். ஒருநாள் கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"அக்கா, ஃபர்ஸ்ட் வந்தா சென்னை குடுத்துடுவாங்களாமே? அம்மா தனியா இருக்காங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் என் நாற்காலிக்கு வருவாள், நான் ஊர் போய்ச் சேரலாம். வாய்வரை வந்தது.

"தெரிஞ்சாலும் ரெண்டு மூணு கேள்விய விட்டுடு" என்றேன். ஏன் என்று கேட்டாள். என் கதை முழுவதையும் கொட்டினேன்.

அவளுக்குச் சென்னை கிடைத்தது. போய்ச் சில வாரம் கழித்துப் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழம உங்க வீட்டுக்குப் போயிருந்தேங்க்கா. அம்மாவும் நானுமா அப்பாவத் தூக்கி உட்கார வெச்சோம்."

போனை வைத்தேன். பாத்ரூமில் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, புது பேட்சுக்கு முதல் பாடம் எடுக்கப் போனேன்.