பேரலை அணியின் ‘சாவா’

பெனிஷா வளர்ந்த வீட்டில் நலம் விசாரிக்க ஒரே ஒரு சொல்தான் இருந்தது. சாவா. அப்பா அந்தோணி ஒரு பிரெஞ்சுப் பள்ளியில் காவலாளியாக இருந்தபோது காதில் வாங்கிக்கொண்டு வந்த சொல். "சாவா?" என்று கேட்டால் சௌக்கியமா என்று அர்த்தம். அதற்குப் பதிலும் "சாவா"தான், சௌக்கியம் என்று அர்த்தம். வேறு பதிலுக்கு அதில் இடமே கிடையாது. அம்மை போட்டு வேப்பிலைக்கு நடுவில் கிடந்தபோதுகூடப் பெனிஷா "சாவாப்பா" என்றுதான் முனகினாள். "எம் பொண்ணு வலின்னு வாயத் தொறக்கமாட்டா" என்று அந்தோணி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நல்ல பெருமை, போங்கள்!

அந்தப் பெண் இருபத்தொன்பது வயதில் புதுச்சேரி பேரலை அணிக்குக் கேப்டன் ஆனாள். பெண்களுக்கான தொழில்முறைக் கூடைப்பந்து லீக். லீகுக்கும் முதல் வருஷம், அணிக்கும் முதல் வருஷம். அதுவரை தனியார் பள்ளிகளில் பி.டி. டீச்சராக விசில் ஊதிக்கொண்டிருந்தவள். பஸ்ஸில் தலை இடிக்கும் என்று கூனி நின்ற உயரத்துக்கு இப்போதுதான் ஒரு மரியாதை வந்திருந்தது. அணி நிலைத்தால் இன்னும் சில வருஷம் ஆடலாம், கலைந்தால் மறுபடியும் விசில்தான். தூக்கத்திலும் அவளுக்கு இந்த ஒரு கவலைதான்.

முதல் ஆட்டத்தன்று பிசியோ தீபலட்சுமி ஒவ்வொருத்தியிடமும் போய், "எங்கயாச்சும் வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அது அவள் வேலை. பயத்தில் எல்லோருக்கும் எங்கெங்கோ வலித்தது. பெனிஷாவுக்குப் பொறுக்கவில்லை. எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, "ஒரே கேள்விதான்டி. சாவா?" என்றாள். "சாவா!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள், ஜெயித்தார்கள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அடுத்த ஆட்டத்திலும் அதே வட்டம், அதே கத்தல், அதே வெற்றி. தீபலட்சுமி தனித்தனியாகக் கேட்பது நின்றே போனது. கேட்டால் ராசி போய்விடுமாம்! வரிசையாக ஆறு ஆட்டம் ஜெயித்த பிறகு ஊரே அதைக் கத்தியது. கடற்கரையில் சுண்டல் விற்கிறவர்கூடப் பெனிஷாவைப் பார்த்து, "சாவா மேடம்?" என்று சிரித்தார்.

அணி தங்கியிருந்த விடுதியில் சமைக்கிற ஆயம்மாவுக்கு மட்டும் அது ஆகவில்லை. "வெளக்கு வெக்கிற நேரத்துல சாவா சாவான்னு கத்துறீங்களே, வேற வார்த்தையே கெடைக்கலியா ஒங்களுக்கு?"

"அது பிரெஞ்சு, ஆயம்மா."

"எந்த எழவா இருந்தா என்னா? எங்காதுல தமிழாத்தான வுழுது."

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெனிஷாவும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் இருந்தது. பயிற்சியாளர் வெற்றிச்செல்வன், "ஜெயிக்கிற டீம்ல கை வெக்கக்கூடாது" என்று ஏழு பேரையே மாற்றி மாற்றி இறக்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பெஞ்சைத் தேய்த்தார்கள். பெனிஷாவின் வலது முட்டி வீங்கிக் கிடந்தது. டிராக் பேண்ட்டுக்குள் மறைத்துவிட்டாள். அவளுடையதை மறைத்துவிடலாம். கார்குழலியுடையதை என்ன செய்வது?

கார்குழலி பிள்ளைச்சாவடிப் பெண். பத்தொன்பது வயது. பெனிஷா கொண்டை போட்டால் அவளும் போடுவாள், பெனிஷா நகம் கடித்தால் அவளும் கடிப்பாள். ஏழாவது ஆட்டத்துக்கு முந்தின நாள் அவள் விடுதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் வலது காலை மட்டும் முதலில் வைத்து இறங்கினாள். பெனிஷா கீழே நின்று பார்த்தாள். பெனிஷாவும் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தாள், யாரும் பார்க்காதபோது.

"ஏய், சாவா?"

"சாவாக்கா."

இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள். தீபலட்சுமியின் அறை பக்கத்திலேயேதான் இருந்தது. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கார்குழலியை உட்காரவைப்பார்கள். கார்குழலி இல்லாமல் ஜெயிப்பது எப்படி? பெனிஷா கணக்குப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டம். கடைசிக் கால் பகுதியில் இரண்டு புள்ளி முன்னிலை. பெனிஷாவின் முட்டி மடங்க மறுத்தது. வலி என்று சொல்ல அவளுக்கு வாய் வராதே! ஷூ லேஸ் அறுந்துவிட்டது என்று சைகை காட்டிவிட்டு வெளியே வந்தாள். வெற்றிச்செல்வன் திரும்பிக் கார்குழலியைப் பார்த்தார். அந்தப் பெண் முட்டியில் வைத்திருந்த ஐஸ் பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தாள். போகிறபோது பெனிஷாவை ஒரு பார்வை பார்த்தாள். பெனிஷா அவள் முதுகில் தட்டி, "போடி, சாவா" என்றாள்.

வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு எம்பிய கார்குழலி ஒற்றைக் காலில் இறங்கினாள். முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

தீபலட்சுமி ஓடிப்போய் மண்டியிட்டாள். "எங்கடா வலிக்குது? சொல்லும்மா!"

கார்குழலியின் உதடு வெளுத்துப்போயிருந்தது. கண் பெனிஷாவைத் தேடியது. "சாவாக்கா" என்றாள். "சாவா."

பார்வையாளர்களுக்கு அவள் உதட்டசைவு மட்டும் தெரிந்தது போலிருக்கிறது. தெம்பாகச் சொல்வதாக நினைத்து அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. "சாவா! சாவா! சாவா!" நிறுத்துங்கடா பாவிகளா என்று கத்தப் பெனிஷாவுக்கு வெறி வந்தது. அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? ஸ்ட்ரெச்சர் வெளியே போனது. அந்த ஆட்டத்தையும் பேரலைதான் ஜெயித்தது.

அன்று சாயங்காலம் கோரிமேட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் பெனிஷாவும் ஆயம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். முட்டிக்குள் தசைநார் முழுசாக அறுந்துவிட்டது, இந்த வருஷம் ஆட்டமில்லை, அப்புறம் ஆடுவாளா என்பதை இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளே கார்குழலியின் அழுகை கேட்டது. இப்போதுதான் அவள் வாய்விட்டு அழுகிறாள்.

வெற்றிச்செல்வன் போனும் கையுமாக வந்தார்.

"புதன்கிழமை அடுத்த மேட்ச்மா. அவ இல்லாததால நீ ஒரு நிமிஷம்கூட வெளிய வர முடியாது. ஒம் முட்டிக்கு ஒண்ணும் இல்லியே? சாவா?"

இல்ல சார், வலிக்குது. வழியெல்லாம் பஸ்ஸில் பெனிஷா மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அது. வாயைத் திறந்தாள்.

"சாவா சார்."

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். பெனிஷா எழுந்திருக்கப் பார்த்தாள். முட்டி கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றாள். ஆயம்மா தலையில் அடித்துக்கொண்டு வந்து அவள் அக்குளில் கை கொடுத்துத் தாங்கினாள்.

"வலிக்குதுன்னு தமிழ்ல சொல்ல வராதாடி ஒனக்கு?"

வராந்தாவில் போன இரண்டு காலேஜ் பையன்கள் பெனிஷாவை அடையாளம் கண்டு, கட்டைவிரலை உயர்த்தி, "சாவா கேப்டன்!" என்றார்கள். அவளும் விரலை உயர்த்தினாள்.