வேனோடு வந்த வகுப்பு

பீச் பழக் கொட்டகையில் எல்விரா பாரகான் பத்தொன்பது வருடமாகத் தரம் பிரிக்கிறாள். கடைசி ஆறு வருடம் மேஸ்திரி. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே போதும், பழம் பெட்டிக்கா ஜாமுக்கா என்று சொல்லிவிடுவாள். போன கோடையில் அந்த வேலைக்குக் கேமரா வைத்த இயந்திரம் ஒன்று வந்தது. நல்ல பழத்தையெல்லாம் அது கழிவில் தள்ளுவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"இதுக்குப் பழம் பாக்கச் சொல்லிக் கொடுத்தவன் ஒரு பீச்சைக் கையால தொட்டிருக்க மாட்டான். நான் சொல்லிக் கொடுக்கறேன்" என்றாள்.

"முதல்ல உன் போன்ல அலாரத்தை நிறுத்தக் கத்துக்கோ" என்றான் கணவன் எவரிஸ்தோ.

கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும் கல்லூரி நாற்பது மைல் தள்ளி இருந்தது. பஸ் கிடையாது. இந்த ஆகஸ்டில்தான் ஊருக்குள் இருக்கும் அதன் கிளைக்கும் அந்த வகுப்பைக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதினைந்து பேர் சேர வேண்டும், இல்லாவிட்டால் ரத்து. புதன்கிழமை வரை சேர்ந்தவள் எல்விரா ஒருத்திதான்.

ஆள் சேர்ப்பது அவளுக்குப் புதிதா என்ன? அறுவடைக் காலத்தில் மேஸ்திரி ஒருத்தி போய் வேனில் வருகிற எல்லார் பெயரையும் சொன்னால் போதும், வேலை உறுதி. வியாழனன்று அதே முறையில் பதினான்கு பெயர்களை எழுதி அந்தக் கிளைக் கல்லூரியின் ஜன்னலில் நீட்டினாள்.

அங்கே பெயர் பதியும் யெசேனியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அம்மா, இது தோட்ட வேலை இல்ல. அவங்கவங்க நேர்ல வந்து சேரணும். இவங்களுக்கெல்லாம் விஷயம் தெரியுமா?"

"இன்னும் தெரியாது. நாளைக்குச் சொல்லிடுவேன்."

மறுநாள் வேலை முடிந்து கிளம்பிய வேன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"எங்கடி கூட்டிட்டுப் போற?" என்றாள் தோழி தோமாசா.

"ஏசி இருக்கற இடத்துக்கு."

வெயில் நூற்றெட்டு டிகிரி. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கல்லூரிக்குள் போய் விஷயம் தெரிந்த பிறகுதான் கூச்சல்.

"கம்ப்யூட்டரா? நானா? எனக்கு ஐம்பத்தொண்ணு வயசுடீ!"

"அந்த மெஷினுக்கு ஒரு வயசு. உன் வேலையைப் பிடுங்க அதுக்குத் தெரிஞ்சுதே! பிடிக்கலேன்னா ரெண்டு வாரத்துல விலகிக்கோ."

தோமாசா அவளை ஒரு முறை முறைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். மற்றவர்களும் முணுமுணுத்தபடி வரிசையில் நின்றார்கள். ஆனால் பட்டியலில் இருந்த ஒருத்தி குழந்தையை அழைத்துவரப் போயிருந்தாள். மணி நாலே முக்கால். எல்விராவையும் சேர்த்துப் பதினான்கு பேர்.

எல்விரா வெளியே ஓடினாள். வேன் ஓட்டும் பெரியவர் மெலித்தோன் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் சேர்ந்துடுங்க."

"நான் டிரைவர்மா. எனக்கு எதுக்கு?"

"செவ்வாயும் வியாழனும் எங்களை யாரு கூட்டிட்டு வரப் போறாங்க?"

"நான்தான்."

"ரெண்டு மணி நேரம் எங்க உட்காருவீங்க?"

அவர் கொதிக்கும் வேனைப் பார்த்தார், கல்லூரிக் கதவைப் பார்த்தார். "பரீட்சை வைப்பாங்களா?"

"வைப்பாங்க."

"அப்ப பின்வரிசையில இடம் போடு."

யெசேனியா திரையைத் திருப்பிக் காட்டினாள்: பதினைந்து. எல்விரா அதை நம்பாமல் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணினாள். பிறகு எல்லாரையும் திரும்பிப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை ஆறு மணி. யாரும் லேட்டா வரக் கூடாது."

"ஐயோ, காலேஜ்லயும் இவதான் மேஸ்திரியா!" என்றாள் தோமாசா.