உலையின் பூட்டிய பதிவு

கும்மிடிப்பூண்டியில் நான் இன்ஜினியராக வேலை பார்க்கும் தொழிற்சாலையில் பற்சக்கரங்களைச் சுட்டுக் கெட்டியாக்கும் உலை ஒன்று உண்டு. ஒருநாள் மதியம் சூடு எகிறி ஒரு லோடு முழுக்கப் பாழானது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க எங்கள் மேனேஜருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மேதை! அங்கே காண்ட்ராக்ட் ஆள் யாரென்று பார்த்தார், முடிந்தது கதை. சூடு எகிறினால் அலறும் ஹூட்டரே அடிக்கவில்லை என்றார் அந்தக் காண்ட்ராக்ட் ஆளான உலை ஆபரேட்டர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தூங்கியிருப்பாய், திங்கட்கிழமை முதல் வராதே என்று சொல்லிவிட்டார் மேனேஜர்.

ஆபரேட்டர் நேராக என்னிடம் வந்தார். "மிஷினு எல்லாத்தயும் எழுதி வச்சிக்குது சார். அத்த படிச்சி குடு."

உலை எழுதும் பதிவையோ பூட்டி வைத்திருந்தார்கள். எங்கள் உலையின் சூடு தெரிந்தால் எதிரி நாடு படையெடுத்துவிடும் பாருங்கள்! உலை செய்து கொடுத்த கம்பெனியையும் எப்போதோ மூடிவிட்டார்கள். வேப்பம்பட்டிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் செல்போனைப் பார்த்துப் பைதான் புரோகிராம் எழுதப் பழகியவன் நான். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்தேன்.

பதிவின் பைட்டுகளைத் திறந்தால் ஒரே குப்பை. ஆனால் நடுநடுவே அதே எட்டு எழுத்து திரும்பத் திரும்ப வந்தது. உலை சும்மா இருக்கும்போது வெறும் பூஜ்யமாக எழுதித் தள்ளும். எழுத்தையும் சாவியையும் பிட் பிட்டாகக் கலக்கும் எக்ஸ்ஆர் பூட்டு இது; பூஜ்யத்தோடு எந்தச் சாவியை எக்ஸ்ஆர் செய்தாலும் அந்தச் சாவியேதான் வரும். ஆக, ஒன்றுமில்லாத இடமெல்லாம் ரகசியச் சாவியையே எழுதி வைத்திருந்தார்கள். அதுவும் என்ன சாவி? உலைக் கதவில் ஒட்டியிருந்த மாடல் நம்பர். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட புத்திசாலிகள்.

எக்ஸ்ஆரில் பூட்டுவதும் திறப்பதும் ஒரே வேலைதான். அதே சாவியை இன்னொரு தடவை போட்டால் பழைய எழுத்து திரும்பி வந்துவிடும். நாலு வரி எழுதி ரன் கொடுத்தேன். ஊரையே காப்பாற்றிய மிதப்பில் டீயைக் குடித்துக்கொண்டே படித்தேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஹூட்டர் நிறுத்தப்பட்டது. மூன்று ஐந்துக்கு அதிகச் சூடு. அப்போதும் ஹூட்டர் நிறுத்தத்திலேயே இருந்தது. நிறுத்தியது யாருடைய பாஸ்வேர்டு? என்னுடையது.

கதவைத் திறந்தாலே அலறும் ஹூட்டர் அது. அன்று போனில் மச்சான் பேசுவது காதில் விழவில்லை என்று பாஸ்வேர்டு போட்டு அதை அமுக்கினேன், திரும்பப் போட மறந்தேன். என் பைதானில்தான் தப்பு என்று மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். பாழாய்ப்போன எக்ஸ்ஆர் மூன்று தடவையும் என்னையே காட்டியது. அவமானம் பிடுங்கித் தின்றது.

பின்னால் வந்து நின்ற ஆபரேட்டரிடம் நான்தான் என்றேன்.

"தெரியும் சார். நீ அமுக்குனத பார்த்துகினுதான் இருந்தேன். நீயே திரும்பப் போட்ருப்பன்னு நெனச்சேன்."

மேனேஜரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா யாரு சார் நம்புவா? அதான் உன்னாண்டயே படிக்கச் சொன்னேன்."

பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, மனுஷன் என்றால் மறதி இருக்கத்தானே செய்யும் என்று சொல்லி எனக்கு நாற்காலியைக் காட்டினார். அதே குற்றம்தான். ஆபரேட்டருக்கு வேலை போக இருந்தது, எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

திங்கட்கிழமை ஆபரேட்டர் வழக்கம்போல் வேலைக்கு வந்தார். உலையைப் போடுவதற்கு முன் ஹூட்டரை அலறவிட்டு, அது நிற்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.